கால்வாய் ரோட்டில் ஒருவர்

கண்ணாடியை இன்னொரு தடவை தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெனிலாவின் கை மேலே போய்விட்டது. சரியாக இருந்த கண்ணாடியை ஒரு மயிரிழை இறக்கினாள், பிறகு அதே மயிரிழை ஏற்றினாள். அதில் பின் சீட்டு தெரிந்தது. பின் சீட்டில் ஓட்டுநர் தேர்வு நடத்துகிற அதிகாரி. ஃபிராவ் டீட்ரிக்ஸ் என்று பெயர் சொல்லிக் கைகொடுத்த அம்மாள், கழுத்தில் கடுகு நிற மஃப்ளர், மடியில் டேப்லெட், அதில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். கை ஜில்லென்று இருந்தது அவருக்கு. இல்லை, அவர் கை சாதாரணமாகத்தான் இருந்திருக்கும், இவள் கைதான் வேர்த்திருந்தது, நவம்பர் மாதத்தில் இப்படி வேர்க்கிற கையைப் பிடித்த நொடியிலேயே அந்த அம்மாளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பக்கத்துச் சீட்டில் பயிற்சியாளர் யில்மாஸ், துருக்கிக்காரர், ஜெர்மனியில் இதே ஓல்டன்பர்க்கில் பிறந்தவர், தேர்வு நாட்களில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை அணிபவர். அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு, பயிற்சி வண்டி என்றால் அப்படித்தான். அவர் கால் அசையாத வரைக்கும் இவளுடைய தேர்வுக்கு உயிர் இருக்கும், அசைந்தால் போச்சு. இதுவரை இரண்டு தேர்வுகளில் அசைந்துவிட்டது. முதல் தேர்வில் வலப்பக்கம் திரும்பும்போது தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்க்க மறந்தாள், அங்கே சைக்கிளில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், பின்னால் கூடையில் ரொட்டி. இரண்டாவது தேர்வில் யாருமே இல்லாத ஒரு தெருவுக்குள் திரும்பி, யாருமே இல்லாததால் மனசு லேசாகி, மார்த்தாண்டத்தில் ஸ்கூட்டி ஓட்டுகிற நினைப்பில் வலப்பக்கம் போக வேண்டிய ஊரில் அழகாக இடப்பக்கமாகப் போனாள். யில்மாஸ் கால் அசைந்தது. அவர் திட்டவில்லை. உன் ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் நீ பாஸ் என்றார். அதைச் சொல்லி அவர் சிரித்தபோது இவளும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஏன் தண்ணீரைத் திறந்துவிட்டாள்? தனியாக இருக்கிறவள் யாருக்குக் கேட்கக் கூடாது என்று திறந்தாள்?

எதுவும் சொல்லாவிட்டால் நேராகப் போங்கள் என்று ஃபிராவ் டீட்ரிக்ஸ் பின்னாலிருந்து சொன்னார். எல்லோரிடமும் சொல்வதுதான். இடம், வலம் என்று நான் சொல்வேன், சொல்லாவிட்டால் நேராக. பெனிலா சாவியைத் திருப்பினாள், கிளட்ச், முதல் கியர், கண்ணாடி, தோளுக்கு மேலே பார்வை, வண்டி நகர்ந்தது. எதுவும் சொல்லாவிட்டால் நேராக. பள்ளிக்கூடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை, நேராக நர்சிங். நர்சிங் முடித்தபோது அம்மா எதுவும் சொல்லவில்லை, கூடப் படித்தவர்கள் எல்லோரும் நாகர்கோவிலில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தார்கள், இவளும் நேராகப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் பாதியில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், இவளிடம் யாரும் திரும்பச் சொல்லவில்லை. நேராக வந்து வந்து இந்த ஊரில், இந்த நவம்பரில், ரோட்டு நடுவே போட்ட இந்த வெள்ளைக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் நிற்கிறாள். வலது, வலதுதான், சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். வேகம் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. ரொம்ப மெதுவாகப் போனாலும் குறை எழுதுவார்கள். பயந்து ஓட்டுகிறாள் என்று எழுதுவார்களாம். பயப்படாமல் எப்படி ஓட்டுவது? விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவள் ஒருத்தி பயப்படாமல் எப்படி ஓட்டுவாள்? மற்றவர்களுக்கு ஸ்டீயரிங் என்றால் ஸ்டீயரிங், இவளுக்கு அது யாரோ ஒருவருடைய நெஞ்செலும்பில் வட்டமாகப் பதிந்த நீலம். அடிபட்டவர்களை ஒற்றைச் செருப்போடு கொண்டுவருவார்கள். அதுதான் அவளுக்குத் தாங்காது, ரத்தம் தாங்கும், ஒற்றைச் செருப்பு தாங்காது. அதைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைக்கும்போது இன்னொன்று எங்கே கிடக்கும் என்று தோன்றும், தக்கலையிலா, களியக்காவிளை வளைவிலா, மழையில் நனைந்துகொண்டு. போனில் அம்மா, ஏன் மக்ளே, கால்ல பெலம் இருக்கப்ப வண்டி என்னத்துக்கு என்றாள். வேலைக்கு அம்மா, வேலைக்கு. வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிற வேலை, மருந்து கொடுக்க, காலுறை மாட்டிவிட, புண்ணுக்குக் கட்டுப் போட. பக்கத்து வீடுகளுக்குச் சைக்கிளில் போகிறாள், தூரத்து வீடுகளுக்குக் கூட வேலை பார்க்கிற அன்யாவின் வண்டியில் தொற்றிக்கொண்டு. எத்தனை நாள் தொற்றுவது? புது வருஷத்துக்குள் லைசென்ஸ் இல்லாவிட்டால் முதியோர் இல்லத்து மேல்மாடி வார்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்து வலம் என்றார் ஃபிராவ் டீட்ரிக்ஸ். இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. கண்ணாடி, தோள், சைக்கிள் இல்லை, திரும்பினாள். முப்பதுக்கு மேல் போகக் கூடாத தெருக்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பு என்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதல் வழி. அது சின்ன வண்டியாக இருந்தாலும் சரி, பெரிய வண்டியாக இருந்தாலும் சரி, அவசரத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஊரில் பெரிய வண்டிக்குத்தான் வழி, அதில் ஒரு நியாயம் இல்லை, ஆனால் ஒரு தெளிவு இருந்தது. இங்கே ஒவ்வொரு சந்திலும் கழுத்தை நீட்டி, வலப்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, உங்களுக்குத்தான் வழி, நீங்கள் வாருங்கள், நான் நிற்கிறேன் என்று காத்துக் காத்துப் போக வேண்டும். ஒரு சந்தில் நின்றாள், வலப்பக்கத்து வண்டியும் நின்றது, அதை ஓட்டியவர் கையசைத்து நீ போ என்றார். போகலாமா? கையசைத்தால் போகலாம் என்று யில்மாஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் கையசைத்தாரா, மூக்கைத் தேய்த்தாரா? பின்னாலிருந்து டேப்லெட்டில் விரல் படுகிற மெல்லிய சத்தம். போனாள். நன்றி சொல்லக் கை தூக்கினாள், கை ஸ்டீயரிங்கை விட்டதற்குக் குறை எழுதுவார்களோ என்று உடனே இறக்கினாள். பள்ளிக்கூடம் ஒன்று வந்தது, வேலிக்குள் பிள்ளைகள் மழைக்கோட்டோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இடம் என்றார். இடம் திரும்பினாள், எதிரே வருகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பினாள். கால்வாய் ரோடு வந்தது. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வீடுகள், நடுவே நேரான ரோடு, நேரான ரோடு வந்தால் மட்டும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் கீழே இறங்கும். நான்காவது கியர். இலை உதிர்ந்த மரங்கள், மரங்களுக்குக் கீழே நாயோடு ஒருத்தி, அப்புறம் ஒரு கிழவர், அப்புறம் நிறுத்தியிருந்த ஒரு குப்பை வண்டி, அதைச் சுற்றிப் போக வேண்டும், கண்ணாடி, தோள், இண்டிகேட்டர், எதிரே யாரும் இல்லை, சுற்றிப் போனாள், திரும்ப வலப்பக்கம் வந்தாள். நன்றாகச் செய்தாள். யில்மாஸின் மூச்சுகூட அதை நன்றாகச் செய்தாள் என்று சொன்னது போல இருந்தது.

ரோடு முடிகிற சிக்னலில் நின்றபோதுதான் அது நினைவில் வந்தது. கிழவர் கழுத்தில் துண்டு போட்டிருந்தார். குளிர்காலத்தில் கழுத்தில் துணி போடுவது அதிசயம் இல்லை. ஆனால் அது மஃப்ளர் இல்லை, குளியல் துண்டு, நீலம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அப்படியா? நிஜமாகப் பார்த்தாளா, இப்போது சேர்த்துக்கொள்கிறாளா? மேலே குளிர்க் கோட்டு இல்லை. கோட்டு இல்லை என்பது உறுதியா? காலில் என்ன? காலைப் பார்க்கவே இல்லை. பார்த்தாள், பழுப்பு நிறத்தில் ஏதோ, வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பாக இருக்கலாம், ஷூவாகவும் இருக்கலாம். ஹார்ம்ஸ் தாத்தா. வாயால் ஹெர் ஹார்ம்ஸ் என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் அவள் அவரைத் தாத்தா என்றுதான் வைத்திருந்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பத்தைந்து வருஷமோ என்னவோ காவலராக இருந்தவர், கரையில் நின்று விசில் ஊதுகிறவர், பிள்ளைகளை ஓடாதே ஓடாதே என்று சொல்கிறவர். இப்போது நினைவு கலங்கிவிட்டது, காலையில் இவள் போய்க் காலுறை மாட்டிவிடும்போது, குளத்தைத் திறக்கணும், பிள்ளைகள் வெளியே நிற்பார்கள் என்பார். திறந்துவிட்டார்கள், இன்று வேறு ஆள் வந்திருக்கிறார் என்று இவள் சொன்னால் நம்பிக் காப்பி குடிப்பார். பச்சை விழுந்தது. முதல் கியர். நேராக. அவராக இருக்காது. இந்த ஊரில் எத்தனை கிழவர்கள், ஊரே கிழவர்கள்தான். அவர் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், இவ்வளவு தூரம் நடக்க மாட்டார். நடப்பார், கால் நல்ல கால்தான், கலங்கியது தலைதானே. கதவு பூட்டியிருக்கும். மகள் பிரேமனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். காலையில் போகிற ஆள் பெனிலா. இன்றைக்கு மட்டும் பெனிலா போகவில்லை, தேர்வு, அதனால் அன்யா தன்னுடைய வீடுகளை முடித்துவிட்டுப் பிறகு அங்கே போவதாக ஏற்பாடு. பிறகு என்றால் எப்போது? தாத்தா காப்பிக்குக் காத்திருந்து பார்த்திருப்பார், யாரும் வரவில்லை, வேறு ஆள் வந்திருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை, அப்படியென்றால் குளத்தைத் திறக்க அவர்தானே போக வேண்டும்.

இந்தத் தெருவில் நிறுத்துங்கள், அந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே, பின்னால் எடுத்து என்றார் ஃபிராவ் டீட்ரிக்ஸ். இதுதான் பெனிலா கனவில்கூடத் தவறு செய்கிற இடம். முன் வண்டியோடு சேர்ந்து நின்று, பின் கியர் போட்டு, தோளுக்கு மேலே பார்த்து, மெல்ல மெல்ல, ஸ்டீயரிங்கை முழுவதும் வலது, இப்போது முழுவதும் இடது. வண்டி சாதுவாகப் போய் இடைவெளிக்குள் உட்கார்ந்தது. ஓரக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண். இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை, ஏனென்றால் ஒருநாளும் நிறுத்தும்போது அவள் நிறுத்துவதைப் பற்றி நினைக்காமல் இருந்ததில்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தாள். அமைதி. இப்போது சொல்லலாம். வண்டி நிற்கிறது, எஞ்சின் அணைந்திருக்கிறது, யாருக்கும் ஆபத்து இல்லை, சொல்லலாம். என்ன சொல்வது? கழுத்தில் துண்டு போட்ட ஒருவரைப் பார்த்தேன். அவர் வேறு யாராவது என்றால்? நீச்சலுக்கோ உடற்பயிற்சிக்கோ போகிற ஒரு திடமான கிழவர் என்றால், இவர்கள் மூன்று பேரும் போய் அவர் முன்னால் நின்றால் அவர் என்ன சொல்வார்? இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிப் போய்க் கேட்பதில்லை. வந்த புதிதில் பஸ்ஸில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கும் இதற்கும் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதை இன்னும் காதில் இருக்கிறது. ஃபிராவ் டீட்ரிக்ஸ் பிரேக் எண்ணெய், டயர் காற்று என்று ஏதோ கேட்டார், பெனிலாவின் வாய் பதில் சொன்னது, வாய்க்கு எல்லாம் பாடம். சரி, கிளம்புங்கள் என்றார். கிளம்பினாள். சொல்லவில்லை. சொல்லாமல் கிளம்பியதும் அந்த இடைவெளி, அந்த அமைதி, எல்லாம் பின்னால் கண்ணாடிக்குள் போய்ச் சின்னதாகிவிட்டது, இனி அதற்குத் திரும்ப முடியாது. தாத்தாவின் கால் விரல்கள் அவளுக்குத் தெரியும். காலையில் அவற்றைத் துடைத்து விரலிடுக்கில் பவுடர் போடுகிறவள் அவள்தான். இடது காலின் சின்ன விரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈரமான கம்பளிச் செருப்புக்குள் அந்த விரல். கால்வாயில் கைப்பிடிக் கம்பி கிடையாது. நீச்சல் தெரிந்தவர்தான். தெரிந்தவர் என்பதுதான் பயம், தண்ணீரைப் பார்த்தால் விலகிப் போகிறவர் இல்லை அவர். அன்யா இந்நேரம் போயிருப்பாள். போயிருப்பாள், கதவைத் திறந்து, குட்டன் மோர்கன் ஹெர் ஹார்ம்ஸ் என்று காலை வணக்கத்தைப் பாடுகிற மாதிரி சொல்லியிருப்பாள், அவர் படுக்கையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படித்தான் இருக்கும். அப்படி இருக்கட்டும். ஆண்டவரே, அப்படி இருக்கட்டும்.

அடுத்த சிக்னலில் வலம், ஆட்டோபான் என்றார் ஃபிராவ் டீட்ரிக்ஸ். அதிவேகச் சாலைக்கான நீலப் பலகை தெரிந்தது. ஏறிவிட்டால் நடுவில் திரும்ப இடம் இல்லை, அடுத்த இறக்கம் ஊருக்கு வெளியே, வயலும் காற்றாலையும். நூறு, நூற்றிருபது, பக்கத்தில் லாரிகள். ஆட்டோபானை முடித்துவிட்டால் தேர்வு ஏறக்குறைய முடிந்த மாதிரி, திரும்பி வந்து அலுவலக வாசலில் நிறுத்தினால் கையில் லைசென்ஸ் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். இன்று நன்றாக ஓட்டியிருக்கிறாள், அது அவளுக்கே தெரிந்தது, யில்மாஸின் கால் கல் மாதிரி கிடக்கிறது. முடித்துவிட்டு, அட்டையை வாங்கிவிட்டு, உடனே அன்யாவுக்குப் போன். அரை மணி நேரம்தான். அரை மணியில் என்ன ஆகிவிடும்? விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கக் கூடாது, அவளே கேட்டிருக்கக் கூடாது. சிக்னல் பச்சையாக இருந்தது. வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருந்தாள். அம்பு போட்ட தடத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது, சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சிக்னலுக்கு முன்னால் பஸ் நிற்பதற்கு ஒதுக்கிய இடம் ஒன்று ஓரமாகக் குழிந்திருந்தது, பஸ் இல்லை, அவளுடைய கை ஸ்டீயரிங்கை அதற்குள் திருப்பியது. நிறுத்தினாள். நான்கு பக்கமும் விளக்கை மினுக்க வைக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். யில்மாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார், பேசக் கூடாது என்பதால் பேசவில்லை, அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வலி.

"மன்னிக்க வேண்டும், நான் திரும்பிப் போக வேண்டும்" என்றாள் பெனிலா.

"எங்கே?" என்றார் ஃபிராவ் டீட்ரிக்ஸ்.

"கால்வாய் ரோட்டுக்கு. அங்கே ஒரு வயசானவர் நடந்து போனார். வீட்டுச் செருப்போடு. நினைவு சரியில்லாதவர். நான் பார்த்துக்கொள்கிற ஆள் என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறீர்களா, தெரியுமா?"

ஜெர்மன் மொழியில் இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வினைச்சொல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். நினைப்புக்கு மேலே, தெரிவதற்குக் கீழே. தமிழில் தேடினாள், அங்கேயும் உடனே அகப்படவில்லை.

"நினைக்கிறேன்" என்றாள்.

போனை எடுத்து அன்யாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பின்னால் ஃபிராவ் டீட்ரிக்ஸ் டேப்லெட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இங்கிருந்து திரும்பினால் நான் நடத்துகிற தேர்வு இத்தோடு முடிந்தது, அது உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டார். மிரட்டுகிற குரல் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் கேட்பது போல, புரிந்ததா என்று உறுதி செய்துகொள்கிற குரல். புரிகிறது என்றாள் பெனிலா. அப்படியென்றால் போங்கள், இந்த இடத்தில் பஸ் வரும் என்றார்.

திரும்பி வருகிற வழி போன வழி மாதிரி இல்லை. எல்லாம் இடம் மாறி இருந்தது, பள்ளிக்கூடம் தப்பான பக்கத்தில், சந்துகள் தலைகீழாக, ஒவ்வொரு சந்திலும் வலப்பக்கத்திலிருந்து யாராவது வந்தார்கள், அவள் நின்றாள், வாருங்கள், சீக்கிரம் வாருங்கள், உங்களுக்குத்தான் வழி. கால்வாய் ரோட்டில் நாயோடு போனவள் இல்லை, குப்பை வண்டி இல்லை, கிழவர் இல்லை. மரங்கள் மட்டும் இருந்தன. தண்ணீர் அசையாமல் கறுப்பாக இருந்தது, இலைகள் அதன்மேல் ஒட்டிக்கிடந்தன, அவள் தண்ணீரைப் பார்க்காமல் ஓட்டினாள், ரோட்டைப் பார், ரோட்டைப் பார். யில்மாஸ் இப்போது பேசினார். நீ ரோட்டைப் பார், தண்ணீரை நான் பார்க்கிறேன் என்றார். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார், குளிர் உள்ளே வந்தது. பின்னால் ஃபிராவ் டீட்ரிக்ஸ் அந்தப் பக்கத்து வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், சீட்டில் நகர்ந்து நகர்ந்து. யாரும் இல்லை. ரோடு முடியப் போகிறது. நினைக்கிறீர்களா, தெரியுமா? நினைத்ததுதான் தப்பு, ஒரு துண்டையும் ஒரு பழுப்பு நிறத்தையும் வைத்து இரண்டு பேருடைய காலைப் பொழுதைக் கெடுத்தது தப்பு, அங்கே தாத்தா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்க, இங்கே இவள் மேல்மாடி வார்டுக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டாள். தப்பாகவே இருக்கட்டும், அவர் காப்பி குடித்துக்கொண்டே இருக்கட்டும். ரோடு முடிகிற இடத்தில் ஒரு பாலம், அதைத் தாண்டியதும் பெரிய ரோடு. அங்கே நடந்து கடப்பவர்களுக்கு ஒரு சிக்னல். அதற்கு எதிரே, ஓரக்கல்லில், குதிகால்களைச் சேர்த்து வைத்து, கழுத்தில் நீலத் துண்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால்தான் பச்சை விழும். அவர் அழுத்தவில்லை. சிக்னல் விளக்கிலிருந்த சிவப்பு மனிதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிகள் வந்தன, போயின, சிவப்பு இருந்தது, அவர் நின்றார். எவ்வளவு நேரமாகவோ, யாருக்குத் தெரியும். எல்லாம் மறந்த தலையில் சிவப்புக்கு நிற்க வேண்டும் என்பது மட்டும் மிஞ்சி அவரை அங்கே பிடித்து வைத்திருந்தது.

எங்கே நிறுத்தினாள், எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்தால் அவளுக்கு நினைவு வரவில்லை. அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. கம்பளிச் செருப்பு இரண்டும் காலில் இருந்தன. இரண்டும் இருக்கின்றன, இரண்டும் இருக்கின்றன என்று தலைக்குள் ஒரு குரல் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நேரமாகிவிட்டது" என்றார் ஹார்ம்ஸ், அவளைப் பார்க்காமல். "பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்."

"ஆமாம், ஹெர் ஹார்ம்ஸ். நேரமாகிவிட்டது, என்னால்தான். வண்டி கொண்டுவந்திருக்கிறேன்."

அவர் வண்டியைப் பார்த்தார். கூரையில் பயிற்சிப் பள்ளியின் பலகை, நான்கு பக்கமும் மினுக்குகிற விளக்கு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு யில்மாஸ். இதில் ஏதோ ஒன்று அவருக்கு அரசாங்க விஷயம் போல இருந்திருக்க வேண்டும், மறு பேச்சு இல்லாமல் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஃபிராவ் டீட்ரிக்ஸ் டேப்லெட்டை அணைத்துக் காலடியில் வைத்தார். கடுகு நிற மஃப்ளரை அவிழ்த்து, துண்டுக்கு மேலே அவர் கழுத்தைச் சுற்றினார், சுற்றத் தெரியாத மாதிரி, ஆனால் இறுக்கமாக. பெனிலா வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள், ரொம்ப நாள் பழகிய கணவன் மனைவி ஏதோ சண்டைக்குப் பிறகு உட்கார்ந்திருப்பது போல. கால் கழுவிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று ஹார்ம்ஸ் கண்டிப்பாகச் சொன்னார். கழுவிவிட்டேன் என்றார் ஃபிராவ் டீட்ரிக்ஸ். ஓடக் கூடாது என்றார் அவர். ஓட மாட்டேன் என்றார் அந்த அம்மாள். யில்மாஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அன்யாவே கூப்பிட்டாள். யில்மாஸ் போனை எடுத்துப் பேசினார், அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது பெனிலாவுக்கே கேட்டது, கதவு திறந்து கிடந்ததாம், தோட்டத்துப் பக்கம் எல்லாம் ஓடித் தேடிக்கொண்டிருந்தாளாம். வந்துகொண்டிருக்கிறோம் என்றார் யில்மாஸ்.

அன்யா வாசலில் நின்றாள், மழைக்கோட்டைத் தப்பான பொத்தானில் போட்டுக்கொண்டு. ஹார்ம்ஸைக் கைப்பிடித்து இறக்கினாள், அவரைத் திட்டினாள், பெனிலாவைக் கட்டிக்கொண்டாள், எல்லாம் ஒரே மூச்சில், பாதி போலந்து மொழியில். அவர் மஃப்ளரோடே வீட்டுக்குள் போய்விட்டார். அதைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்று பெனிலா தயங்கியபோது ஃபிராவ் டீட்ரிக்ஸ் தலையை அசைத்தார், வேண்டாம். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் நின்றே முடிவைச் சொன்னார். இதைத் தேர்ச்சி என்று போட முடியாது, தோல்வி என்றும் போடப் போவதில்லை, நடுவில் நின்றுபோன தேர்வு, வேறு நாள் வர வேண்டும், யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. "இன்னொன்று" என்றார். "பஸ் நிற்கிற இடத்தில் உள்ளே போகும்போது வலப்பக்கத்து சைக்கிள் பாதையைப் பார்க்கவில்லை நீங்கள். அங்கே யாரும் இல்லை. ஆனால் நீங்கள் பார்க்கவில்லை." பெனிலா ஆமாம் என்றாள். பார்க்கவில்லை. அந்த அம்மாள் சொன்னது சரி, சரியாக இருந்ததால் அது குத்தவில்லை, ஆனால் வயிற்றில் எங்கோ ஒரு சைக்கிள் வந்துகொண்டே இருந்தது, கூடையில் ரொட்டியோடு. மறுபடி முதலிலிருந்து. புது வருஷத்துக்குள் தேதி கிடைக்குமா? கிடைத்தாலும் இன்று ஓட்டியது மாதிரி இன்னொரு நாள் வாய்க்குமா? மேற்பார்வையாளர் மறுபடி அன்பாகப் பேசுவாரா? ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் தொட்டாள். அப்போது நடுக்கம் வந்தது. இவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ, முழங்காலில் தொடங்கித் தொடைக்கு ஏறி, கிளட்சில் வைத்த கால் தையல் மெஷினில் வைத்த கால் மாதிரி குதித்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தாள். யில்மாஸ் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

அவள் பின் சீட்டில், ஹார்ம்ஸ் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃபிராவ் டீட்ரிக்ஸ், கழுத்து வெறுமையாக, டேப்லெட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு. மஃப்ளர் இல்லாத அந்தக் கழுத்தில் சுருக்கங்கள் இருந்தன, ஒரு மெல்லிய சங்கிலி இருந்தது. பேச பெனிலாவிடம் நிறைய இருந்தது, எதுவும் ஜெர்மனாக மாறவில்லை. யில்மாஸ் பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினார். எங்கிருந்தோ மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு சைக்கிள் கண்ணாடிக்குள் பெரிதாகி வந்தது. யில்மாஸ் பார்த்துவிட்டார், பார்த்து எப்போதோ வேகத்தைக் குறைத்துவிட்டார், சைக்கிள் தன் வழியில் போனது. ஆனால் அதற்குள் பெனிலாவின் வலது கால் முன் சீட்டுக்குக் கீழே, பிரேக் எதுவும் இல்லாத இடத்தில், தன் பலத்தையெல்லாம் கொண்டு மிதித்திருந்தது. காலைக் குனிந்து பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் ஃபிராவ் டீட்ரிக்ஸின் கறுப்பு ஷூவும், அதே மாதிரி, தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. சைக்கிள் கண்ணை விட்டு மறைந்த பிறகும் இரண்டு கால்களும் சிறிது நேரம் எடுக்கப்படவில்லை.